பாசமா, பிரியமா, வாஞ்சையா?

கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில் எங்கள் வீடு. அண்ணி கொல்லத்துக்காரர். அவருடைய அம்மூம்மைக்கு (பாட்டிக்கு) முதலாண்டு நினைவு அட்டை அடிக்க வேண்டியிருந்தது; ஒரு பக்கம் மலையாளம், மறுபக்கம் தமிழ். மலையாளத்தில் அவர்கள் எழுதித் தந்தது ‘வாத்சல்யநிதியாய அம்மூம்ம’, அதாவது அன்பின் கருவூலமான பாட்டி. தமிழ்ப் பக்கத்தில் என்ன சொல் போடுவது என்று வீட்டில் இரண்டு நாள் பேச்சு.

அம்மா உடனே சொன்னது ‘பாசமிகு’. அண்ணிக்கு அது ஒட்டவில்லை. மலையாளத்தில் பாசம் என்றால் கயிறு, சுருக்கு. அன்பு என்று புரிய வேண்டுமானால் ‘ஸ்நேகபாசம்’ என்று முன்னால் ஸ்நேகத்தையும் சேர்க்க வேண்டும். யோசித்துப் பார்த்தால் தமிழிலும் அந்தக் கயிறு எங்கும் போய்விடவில்லை. எமன் கையில் இருப்பது பாசக்கயிறு. சைவ சித்தாந்தம் பதி, பசு, பாசம் என்று சொல்லும்போது பாசம் உயிரைக் கட்டும் தளை. வீட்டுப் பேச்சிலும் அந்தக் கட்டுதான் பேசுகிறது: பெத்த பாசம், கூடப்பிறந்த பாசம். ‘உனக்குக் கொஞ்சமாவது பாசம் இருக்கா?’ என்று உரிமையோடு சண்டை போடலாம். வேறெந்தச் சொல்லை வைத்தும் அப்படிச் சண்டை போட முடியாது. பாசத்தின் பலம் அதுதான். ஆனால் ஒருவர் கை எவ்வளவு மென்மையாக நம் தலையைத் தொட்டது என்பதை அது சொல்வதில்லை.

பிரியம் அப்படியில்லை. இரத்த உறவு வேண்டாம், கடமை வேண்டாம். பக்கத்து வீட்டுப் பிள்ளை மேல் வரும், வளர்த்த ஆட்டுக்குட்டி மேல் வரும். ‘பிரியப்பட்டுத் தந்தாங்க, வேண்டாம்னு சொல்ல மனசு வரல’ என்போம். எல்லையின் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே பொருளில் செல்லுபடியாகும் சொல்லும் இதுதான். எங்கள் விளவங்கோடு தாலுகா 1956 நவம்பர் 1 அன்றுதான் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு (அன்றைய சென்னை மாநிலம்) சேர்ந்தது. அதற்கு முன்பே மலையாளப் பள்ளியில் படித்த என் பாட்டியின் கடிதங்கள் ‘பிரியப்பெட்ட’ என்று தொடங்கும். அம்மாவின் கடிதங்கள் ‘பிரியமுள்ள’ என்று. அட்டைக்கு இதையே போட்டிருக்கலாம். ஆனால் பிரியத்துக்கு வயது கிடையாது, யார் யார் மேல் வேண்டுமானாலும் வைக்கலாம். வாத்சல்யம் பெரியவரிடமிருந்து சிறியவருக்கு இறங்கி வருவது. வத்சம் என்றால் கன்று. ஈன்ற பசு கன்றின் உடம்பிலுள்ள அழுக்கையும் நக்கியெடுக்கும் அன்பு என்று வைணவப் பெரியவர்கள் இதற்கு விளக்கம் சொல்வார்கள். எனக்குத் தெரிந்து இதைவிடச் சரியான விளக்கம் இல்லை.

சிநேகம், இஷ்டம் இரண்டையும் சீக்கிரமே தள்ளிவிட்டோம். அங்கே ஸ்நேகம் என்றால் அன்பு முழுவதும். இங்கே நட்போடு நின்றுவிடுகிறது. அங்கே இஷ்டம் பிடித்திருப்பது. இங்கே ‘உன் இஷ்டம்’ என்றால் பேச்சே முடிந்தது. அன்பு எல்லாருக்கும் பொது, அதனாலேயே இந்த அம்மூம்மைக்குப் போதவில்லை.

மிஞ்சியது வாஞ்சை. இதைச் சொன்னது நான்தான். வாஞ்சை தனியாக நிற்காது. கூடவே ஒரு செயல் வேண்டும். வாஞ்சையோடு தடவினாள், வாஞ்சையாகக் கூப்பிட்டாள் என்றுதான் எழுதுகிறோம். கையோ குரலோ பார்வையோ அதில் கட்டாயம் இருக்கும். ‘எனக்கு உன் மேல் வாஞ்சை’ என்று யாரும் நேரில் சொல்லிக் கேட்டதில்லை. பேச்சிலிருந்து நழுவி எழுத்துக்குள் ஒதுங்கிவிட்ட சொல் அது. எனக்கு அது பெரிய வருத்தம்.

அண்ணி தயங்கினார். வாஞ்ச என்றால் மலையாளத்தில் ஆசை, வேட்கை; இறந்துபோன கிழவிக்கு அதை எப்படிப் போடுவது? அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. வடமொழியில் அதன் பொருளே ஆசைதான். எங்கள் ஊர்த் தேவாலயங்களில் வாசிக்கும் 42-ஆம் சங்கீதத்தில் மான் நீரோடைகளை ‘வாஞ்சித்துக் கதறுகிறது’, அது தாகம். ஆனால் அந்தத் தாகம்தான் தமிழில் கனிந்து கனிவாக மாறியிருக்கிறது என்று நினைக்கிறேன். பேரப்பிள்ளை வரும் நாளில் காலையிலிருந்தே வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் கிழவியிடம் ஆசையையும் கனிவையும் எப்படிப் பிரிப்பது?

இதைச் சொன்னபோது அண்ணி கொஞ்ச நேரம் பேசவில்லை. கொல்லம் பஸ்ஸை எதிர்பார்த்து அம்மூம்மை படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார்களாம். அப்புறம் அவரே அச்சகத்துக்குப் போன் செய்து எழுத்தெழுத்தாகச் சொன்னார்: ‘வாஞ்சை மிகுந்த அம்மூம்மைக்கு.’