துளை போடாமல் முன் நம்பர் பிளேட்: இழுவைக் கொக்கி பிராக்கெட்டுடன் சில ஆண்டுகள்

என்னுடைய கார் 2017 டொயோட்டா 86. அதன் முகத்துக்கு நம்பர் பிளேட் பொருந்தவே பொருந்தாது. அமெரிக்கத் தகடு 12 அங்குல அகலம், 6 அங்குல உயரம். ஐரோப்பியத் தகடு போல ஒல்லியாக, நீளமாக இருந்தாலாவது பம்பரின் வளைவோடு ஓரளவு இழைந்து போகும். இதை நடுவில் மாட்டினால் கிரில்லின் வாயை மூடிக்கொண்டு நிற்கும். பிளாஸ்டிக் பிராக்கெட்டுக்காகப் பம்பரில் துளைகளும் போட வேண்டும். காரை எடுக்கும்போதே துளை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தகடுகள் இரண்டும் பின் இருக்கையில் வந்து சேர்ந்தன.

புளோரிடா, அரிசோனா, பென்சில்வேனியா போன்ற மாநிலங்களில் இந்தத் தொல்லையே இல்லை. பின்பக்கத் தகடு மட்டும் போதும். ஒஹையோ 2020 ஜூலையில் முன் தகட்டைக் கைவிட்டது. கலிபோர்னியாவில் இருக்கும் நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இரண்டு தகடு கொடுத்தால் இரண்டையும் மாட்டியாக வேண்டும். மாட்டாமல் சிக்கினால், மாட்டிக் காட்டி 25 டாலர் கட்டினால் வழக்கு தள்ளுபடியாகும். அந்தத் துணிச்சலில் வெறும் மூக்கோடு ஓட்டுகிறவர்கள் ஏராளம். எனக்குப் போலீஸ் காரைக் கண்டாலே வயிற்றைப் பிசையும், ஆகவே மாட்டிவிடுவது என்று முடிவு செய்தேன்.

சட்டம் கேட்பது அதிகம் இல்லை. தகடு ஆடாமல் உறுதியாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும், எழுத்துகள் நேராக நின்று தெளிவாகத் தெரிய வேண்டும், முன் தகடு தரையிலிருந்து 60 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. நடுவில்தான் இருக்க வேண்டும் என்ற பேச்சே இல்லை. ஆல்ஃபா ரோமியோ 156 வெளிவந்தபோது, நடுவில் இருக்கும் கேடயக் கிரில்லை மறைக்க மனம் வராமல் தகட்டை ஓரத்துக்குத் தள்ளியிருந்தார்கள். அந்த ஓரத் தகடு எனக்கு எப்போதும் பிடித்த ஒன்று.

இப்போது பிராக்கெட்டுக்கு வருகிறேன். பம்பரின் வலது பக்கத்தில், பெயின்ட் அடித்த சிறு மூடி ஒன்று உண்டு. துணி சுற்றிய திருப்புளியால் நெம்பினால் கழன்று வரும். உள்ளே, மோதல் தாங்கும் உலோகச் சட்டத்தில் மரை வெட்டிய குழி ஒன்று தெரியும். கார் பழுதானால் இழுவைக் கொக்கியைத் திருகும் இடம் அது. கொக்கிக்குப் பதிலாக ஒரு தண்டைத் திருகி, அதன் முனையில் தகட்டைத் தாங்கும் பட்டையை மாட்டுவதுதான் இந்த ஏற்பாடு. பம்பரில் ஒரு கீறல்கூட விழாது. விலை எனக்கு 80 டாலரை ஒட்டி வந்தது. வேறு கார் வைத்திருப்பவர்கள் தங்கள் காருக்கென்றே செய்த தண்டை வாங்க வேண்டும், மரையின் அளவு காருக்குக் கார் மாறும். ஃபோக்ஸ்வாகன், ஆடி கார்களில் மரை இடப்பக்கமாகத் திருகுவது. வலப்பக்கம் முறுக்கிக்கொண்டே இருந்தால் ஒருநாளும் ஏறாது.

மாட்டுவது அரை மணி நேர வேலை. ஆனால் தரமெல்லாம், தண்டு சுழலாமல் இறுக்கிப் பிடிக்கும் லாக் நட்டில்தான் இருக்கிறது. தண்டை முழுக்கத் திருகினால் பட்டை நேராக நிற்கும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. முழுக்க ஏற்றி, பட்டை நேராக வரும்வரை சற்றுப் பின்னால் திருப்பி, அந்த நிலையில் லாக் நட்டை இறுக்க வேண்டும். பட்டையைப் பிடித்துக்கொள்ள ஒரு கை, ஸ்பானருக்கு ஒரு கை, நீரளவு மட்டம் பார்க்க இன்னொருவர். கண்ணளவில் நேராகத் தெரிவது பத்தடி தள்ளி நின்று பார்த்தால் சாய்ந்திருக்கும், ஏனென்றால் பம்பரில் நேர்கோடு என்று ஒன்றே இல்லை.

முதல் சில மாதங்கள் குறையே தெரியவில்லை. சாண்டா குரூஸ் போகும் 17ஆம் நெடுஞ்சாலையின் வளைவுகளிலும் பள்ளங்களிலும் அடிக்கடி ஓட்டிய பிறகுதான் ஒரு சன்னமான படபடப்பு கேட்கத் தொடங்கியது. தகடு மெல்லிய அலுமினியம். மேலே இரண்டு திருகுகள்தான் பிடித்திருக்கின்றன. வேகம் கூடக் கூடக் கீழ் மூலைகள் காற்றில் அடித்துக்கொள்ளும். தகட்டின் பின்னால் அதே அளவில் ஒரு கெட்டியான பிளாஸ்டிக் தாளை வெட்டி வைத்து, நான்கு மூலையிலும் திருகியதும் சத்தம் நின்றது. பின்பக்கம் ரப்பர் பொட்டு ஒட்டச் சொல்வார்கள், நான் அதை ஏற்க மாட்டேன். ரப்பருக்கும் பெயின்ட்டுக்கும் நடுவே தூசி சேர்ந்து, உப்புத்தாளைப் போலத் தேய்க்கும். ஒட்டித்தான் ஆக வேண்டுமென்றால் அந்த இடத்தில் முதலில் பெயின்ட் பாதுகாப்புப் படலம் ஒட்டுங்கள்.

பனிக்காலத்தில் டாஹோ ஏரி மலைப்பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சாலையில் தூவும் உப்பு மரையில் இறங்கினால் தண்டு அங்கேயே துருவேறிப் பிடித்துக்கொள்ளும். மாட்டும்போதே மரையில் கிரீஸ் தடவுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது கழற்றித் துடைத்து மறுபடி மாட்டுவது என் வழக்கம். கிரீஸ் தடவியதால் நட்டு தளர்ந்துவிடுமோ என்ற பயம் நியாயமானது. அதனால் நட்டிலும் தண்டிலும் சேர்த்து ஒரு வெள்ளைக் கோடு போட்டிருக்கிறேன். காரைக் கழுவும்போது கோடு விலகியிருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

குறை ஒன்று உண்டு, அது சிறியதல்ல. தண்டு நேரே உலோகச் சட்டத்தில் இறங்குகிறது. பார்க்கிங்கில் யாராவது தகட்டில் முட்டினால், பம்பர் வாங்கி விழுங்க வேண்டிய இடி தண்டு வழியாகச் சட்டத்துக்குப் போகும். பட்டை வளைவதோடு நின்றால் அதிர்ஷ்டம். மரையே கெட்டால் செலவு பெரிது. தெருவில் நெருக்கி நிறுத்தும் ஊரில் இருப்பவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன், கிரில்லைப் பிடித்துக்கொள்ளும் வகை பிராக்கெட்டைப் பாருங்கள்.

இன்னொன்று, கார் நடுவழியில் நின்றால் கொக்கியைத் திருக வேண்டிய குழியில் நம்பர் பிளேட் உட்கார்ந்திருக்கும். எனக்கு ஒருமுறை அப்படி ஆனது. இழுவை லாரிக்காரர் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்க, சாலையோரத்தில் குந்தி நட்டைக் கழற்றினேன். லாக் நட்டுக்குப் பொருந்தும் ஸ்பானரை டிக்கியில் கொக்கியோடு சேர்த்தே வைத்திருந்ததால் ஐந்து நிமிடத்தில் முடிந்தது.