பேரிங் இல்லாத மோட்டாரோடு இரண்டு வருடம்

கோத்தகிரியில் தேயிலை ஃபேக்டரி மோட்டார்களுக்குக் காயில் கட்டுவது என் பிழைப்பு. பெரும்பாலும் முதலில் பேரிங் போகும், அப்புறம்தான் காயில் எரியும். அந்தக் கடுப்பில், பேரிங்கே இல்லாத மோட்டார் ஒன்று செய்து பார்த்தேன். மெண்டசீனோ மோட்டார் என்பார்கள். கலிஃபோர்னியாவின் மெண்டசீனோ பக்கத்தில் லாரி ஸ்பிரிங் என்பவர் 1994-ல் பரப்பியதால் அந்தப் பெயர்.

சதுரக் கட்டையின் நான்கு பக்கமும் சோலார் செல், மேலே இரண்டு காயில், கட்டைக்கு அடியில் ஒரு காந்தம். தண்டில் மாட்டிய வளையக் காந்தங்களைப் பலகையிலிருக்கும் காந்தங்கள் மேலே தள்ள, தண்டு அந்தரத்தில் நிற்கும். எதிரெதிர் செல்களைத் துருவம் மாற்றி ஒரே காயிலில் இணைத்திருப்பதால், கட்டை திரும்பத் திரும்பக் கரண்டும் திசை மாறும். சாதாரண மோட்டாரில் கரண்டின் திசையை மாற்றிவிடும் பிரஷ், கம்யூட்டேட்டர் வேலையை இதில் வெளிச்சமே பார்த்துக்கொள்கிறது.

எதையுமே தொடாமல் மிதக்கவிட ஒரு வாரம் மல்லுக்கட்டினேன். தண்டு முன்னே ஓடும், இல்லாவிட்டால் பின்னே ஓடும். வெறும் நிலைக்காந்தங்களால் எல்லாத் திசையிலும் பிடித்து நிறுத்த முடியாது என்று ஏர்ன்ஷா என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1842-லேயே கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டாராம். சரி என்று ஒரு முனையைக் கூராக்கிக் கண்ணாடித் துண்டில் முட்டவிட்டேன். சில பெரிய கம்ப்ரசர்களில் தண்டை மின்காந்தத்தால் மிதக்கவிடுகிறார்கள்; அங்கே சென்சார் இடைவெளியை அளந்து, நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை மின்காந்தத்தின் கரண்டைத் திருத்துகிறது. ஆனால் கரண்ட் போனால் ரோட்டார், அதாவது சுற்றும் பாகம், விழுமே என்று அதிலும் ஒரு அவசர பேரிங் வைக்கிறார்கள்! விடாது போல.

உண்மையில் உயிரை வாங்கியது பேலன்ஸ்தான். உராய்வு கிட்டத்தட்ட இல்லை, அதனால் துளி கனம் கூடினாலும் அந்தப் பக்கம் கீழே வந்து ஊசலாடி நின்றுவிடும். எதிர்ப்பக்கம் ஈயத்தைப் பொட்டுப் பொட்டாக வைத்துச் சரிசெய்ய மூன்று ராத்திரி ஆனது.

வெயிலில் ஜோராக ஓடுகிறது. எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் பெருமழை, கூடவே மூடுபனி. வெளியே நன்றாகவே வெளிச்சம் இருக்கும், மோட்டார் நிற்கும். "அண்ணா, செல் போயிடுச்சு போல" என்றான் கடைப்பையன். செல் போகவில்லை. பனியில் வெளிச்சம் நாலாபுறமும் சிதறிவருவதால், எதிரெதிர் செல்கள் ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுக்கின்றன. ராத்திரி எல்இடி விளக்கிலும் மந்தம்தான். பழைய குண்டு பல்பைக் காட்டினால் பிய்த்துக்கொண்டு சுற்றும். செல்லுக்குப் பிடித்த அகச்சிவப்பு அதில்தான் தாராளம்.

ஒரு குறை: ஈரத்தில், நிக்கல் பூச்சு பெயர்ந்த இடத்தில் பலகைக் காந்தமொன்று துருப்பிடித்துப் பொரிந்துவிட்டது. மாற்றிவிட்டு எல்லாவற்றுக்கும் காயில் வார்னிஷ் அடித்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டும். பக்கத்தில் இரும்பு ஸ்க்ரூவும் ஆகாது, தண்டை இழுத்துவிடும். பித்தளை போடுங்கள்.

கண்ணாடியில் கூர்முனை முட்டும் இடத்தில் கடுகைவிடச் சின்னதாக ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்திருக்கிறது. போன மாதம் கண்ணாடியை அரை விரல் தள்ளி ஒட்டினேன். ரோட்டாரைத் திறக்க இதுவரை அவசியம் வரவில்லை.