அப்பாவின் புல்லட்: பதினேழு வருடச் சத்தங்கள்

என்னிடம் இருப்பது 1989 மாடல் ராயல் என்ஃபீல்ட் புல்லட், ஸ்டாண்டர்ட் 350. வலது காலில் கியர், இடது காலில் பிரேக். அப்பாவிடமிருந்து வாங்கி ஓட்டத் தொடங்கிப் பதினேழு வருடம் ஆகிறது. இன்ஜின் பெரிதாகத் தொல்லை கொடுத்ததில்லை. கியர் பாக்ஸும் கிளட்சும்தான் ஏதாவது முனகிக்கொண்டே இருக்கும்.

முதல் பாடம் காசு கொடுத்துக் கற்றது. ஐடிலில் நிற்கும்போது இடது பக்கமிருந்து கடகடவென்று ஒரு சத்தம். ஒரு மெக்கானிக் காதை வைத்துக் கேட்டுவிட்டு "கியர் பாக்ஸ் போச்சு சார்" என்றார். பிரித்தார், இரண்டு பேரிங் மாற்றினார், மூட்டினார். வண்டி அதே சத்தத்தோடு வீட்டுக்கு வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே உட்கார்ந்தேன். கழற்ற வேண்டியது இடது ஃபுட்ரெஸ்ட், பிரேக் பெடல், அப்புறம் இடது பக்கக் கவரின் நடுவில் இருக்கும் ஒற்றை நட்டு, அவ்வளவுதான். அடியில் ஒரு தட்டு வைக்க மறந்தால் ஆயில் முழுக்கத் தரையில். உள்ளே, இன்ஜினிலிருந்து கிளட்சைச் சுற்றவைக்கும் பிரைமரி செயின் கொடிக்கயிறு மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. செயினை இறுக்கும் டென்ஷனரை ஏற்றியதும் சத்தம் போய்விட்டது.

செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரித் தேயாது. கிக்கரை மெல்ல மிதித்து இன்ஜினைச் சுற்றவிட்டு, எந்த இடத்தில் மிக இறுக்கமாக இருக்கிறதோ அங்கே சுமார் 6 மில்லிமீட்டர் ஆட்டம் விட வேண்டும். தொங்கும் இடத்தைப் பார்த்து இறுக்கினால் சத்தம் குறையும், ஆனால் மெயின் ஷாஃப்ட் (கிளட்சிலிருந்து கியர் பாக்ஸுக்குள் போகும் தண்டு) பேரிங் சீக்கிரம் கதை முடியும்.

அதிலிருந்து, எதையும் பிரிப்பதற்கு முன்னால் கிளட்ச் லிவரைத்தான் கேட்கிறேன். நியூட்ரலில் வண்டி ஓடட்டும். லிவரைப் பிடித்தால் மெயின் ஷாஃப்ட் நின்றுவிடும், செயின் சுற்றவைக்கும் கிளட்ச் டிரம் மட்டும் சுற்றும். பிடித்ததும் சத்தம் அடங்கினால் சந்தேகம் மெயின் ஷாஃப்ட் பேரிங் மேல். பிடிக்கும்போதுதான் கரகரக்கிறது என்றால் டிரம் பேரிங் அல்லது புஷ் ராடு, அதாவது லிவரைப் பிடித்தால் கிளட்சைத் தள்ளி விடுவிக்கும் கம்பி. பிடித்தாலும் விட்டாலும் ஒரே கடகட என்றால் முதலில் செயினைப் பாருங்கள். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையைக் கேஸில் வைத்துக் கைப்பிடியைக் காதில் அழுத்தினால் சத்தம் எந்த மூலையிலிருந்து வருகிறது என்று இன்னும் துல்லியமாகத் தெரியும்.

புஷ் ராடு விஷயத்தில் தப்பு என்னுடையது. லிவரில் ஆட்டமே இல்லாமல் கேபிளை இறுக்கி வைத்திருந்தேன். ராடு எந்நேரமும் அழுத்தத்தில் உராய்ந்து, முனை நீலம் பாய்ந்து தேய்ந்துவிட்டது. வெயில் நேரத்தில் சிக்னலில் நின்றால் கீச் கீச்சென்று எலிக்குஞ்சு மாதிரிக் கத்தும். இப்போது லிவரில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆட்டம் விடாமல் வண்டியை எடுப்பதில்லை.

எனக்குப் பிடித்த சோதனை நான்காவது கியர்தான். இந்தக் கியர் பாக்ஸில் நான்காவது நேரடி ஓட்டம், மெயின் ஷாஃப்டின் சுற்று அப்படியே வெளியே போகும். மற்ற கியர்களில் பாரம் சுமக்கும் துணைத் தண்டான லே ஷாஃப்ட் சுற்றும், ஆனால் அதன் மேல் பாரம் இல்லை. ஐந்து வருடம் முன்பு ஒன்று, இரண்டு, மூன்றில் ஊளைச் சத்தம் கேட்டது, நான்காவதில் மாட்டியதும் அமைதி. லே ஷாஃப்டைத் தாங்கும் புஷ் (உலோக வளையம்) தேய்ந்திருக்கும் என்று சொல்லியே பெட்டியைக் கொடுத்தேன். பிரித்துப் பார்த்தால் ஷாஃப்டைக் கையால் ஆட்ட முடிந்தது. அதற்கு முன்னால் யாரோ கிரீஸுக்குப் பதில் மெல்லிய ஆயிலை ஊற்றியிருந்தார்கள். பழைய பெட்டி, அது சொட்டுச் சொட்டாக ஒழுகி, உள்ளே காய்ந்து கிடந்திருக்கிறது. இப்போது கூழ் பதத்துக் கிரீஸ்தான்.

இதெல்லாம் சொல்லும்போது இந்த வண்டியைப் பலவீனம் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்து வீரர் ஜானி பிரிட்டன் 1952-லும் 1957-லும் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் ட்ரையல்ஸ் போட்டியில் ஜெயித்தது ராயல் என்ஃபீல்டில்தான். பாறையிலும் ஓடையிலும் கால் ஊன்றாமல், கிளட்சை அரைகுறையாகப் பிடித்தபடியே ஊர வேண்டிய போட்டி அது. நம் தாம்பரம் டிராஃபிக்கும் கிட்டத்தட்ட அதுதான், கால் மட்டும் ஊன்றலாம்.

காலையில் முதல் கியர் போடும்போது 'டங்' என்று குதித்தால் கிளட்ச் பிளேட்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் லிவரைப் பிடித்துக்கொண்டு மூன்று முறை கிக்கரை மிதித்தால் போதும். ஆக்ஸிலேட்டரை விடும்போது பின்னால் வரும் இடியை நான் ரொம்ப நாள் கியர் பாக்ஸ் கணக்கில் எழுதிவந்தேன். பின் சக்கர ஹப்பில் இருக்கும் ரப்பர்கள் நசுங்கியிருந்ததுதான் காரணம். மாற்றியதும் நின்றது.

இப்போது மிச்சம் இருப்பது இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் எப்போதாவது விழும் ஃபால்ஸ் நியூட்ரல், அதாவது எந்தக் கியரிலும் மாட்டாமல் போவது. கியர் மாற்றும் அமைப்பில் உள்ள ராட்செட் பிளேட்டைக் கொஞ்சம் நகர்த்தினால் சரியாகும் என்று தெரியும். இரண்டு ஞாயிற்றுக்கிழமையாக மழை.