பசுமைப் பொருளைப் புதிதாக வாங்குவதா, இருப்பதையே ஓட்டுவதா?

சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் வாழ நினைப்பவருக்கு இரண்டு வழிகள் உண்டு. பழையதைக் கழித்துவிட்டுப் பசுமை முத்திரையோடு வரும் புதியதை வாங்கலாம். இல்லையென்றால், கையில் இருப்பதை ரிப்பேர் பார்த்து இன்னும் சில வருடங்கள் ஓட்டலாம். விளம்பரங்கள் முதல் வழியை மட்டும்தான் சொல்லும். நான் பெரும்பாலும் இரண்டாவது பக்கம். ஆனால் எல்லாப் பொருளுக்கும் அது பொருந்தாது. ஒரு பொருள் தயாராகும்போது அதிக மாசு உண்டாகிறதா, பயன்படுத்தும்போதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

பல்பை எடுத்துக்கொள்வோம். 60 வாட் குண்டு பல்பு தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் வருடத்துக்குக் கிட்டத்தட்ட 110 யூனிட் ஆகும். ஏறக்குறைய அதே வெளிச்சம் தரும் 9 வாட் எல்இடிக்கு 16 யூனிட் சொச்சம் போதும். இங்கே பாதிப்பு ஏறக்குறைய முழுக்க எரியும்போதுதான். அதனால் ஃப்யூஸ் போகட்டும் என்று காத்திருக்காமல் இன்றே மாற்றிவிடலாம்.

ஸ்மார்ட்போன் இதற்கு நேர் எதிர். அதன் ஆயுள் முழுவதற்குமான கார்பன் உமிழ்வில் பெரும்பங்கு, பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. சார்ஜ் போடும் மின்சாரம் அதன் பக்கத்தில் சொற்பம். மறுசுழற்சி அலுமினியத்தில் செய்த புது மாடலைவிட, பேட்டரி மாற்றிய பழைய ஃபோனே மேல். சிக்கல் என்னவென்றால், பல ஃபோன்களில் பின்மூடியைப் பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். சூடு காட்டி நெம்பினால்தான் பேட்டரி தெரியும். இது என்னைக் கோபப்படுத்துகிற விஷயம். பொருளைத் திறக்கவே விடாமல் செய்துவிட்டு, அட்டைப்பெட்டியில் இலை படம் போடுவதில் என்ன நியாயம்? பிரான்ஸ் 2021 முதல் ஃபோன், லேப்டாப் போன்றவற்றுக்கு எவ்வளவு எளிதாக ரிப்பேர் செய்யலாம் என்று பத்துக்கு மதிப்பெண் போட்டு விற்க வைத்தது. வாங்குபவருக்கு உண்மையிலேயே உதவும் தகவல் அதுதான்.

காரில் விடை ஆளுக்கு ஆள் மாறும். மின்சாரக் காரின் பேட்டரியைத் தயாரிப்பதில் உமிழ்வு அதிகம். ஓட்ட ஓட்டத்தான் அது ஈடாகும். நிறைய ஓட்டுபவர் மாறலாம். எப்போதாவது வண்டியை எடுப்பவர் அவசரப்பட வேண்டாம்.

அப்புறம், துணிப்பை. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரே முறை பயன்படுத்திய மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் பருத்திப் பை புவி வெப்பமாதலைக் குறைக்க வேண்டுமானால், அதை 131 தடவை பயன்படுத்த வேண்டும். கடலில் சேரும் குப்பை இந்தக் கணக்கில் வராது. அந்த வகையில் துணிப்பைதான் நல்லது. ஆனால் கூட்டத்துக்குக் கூட்டம் நிறுவனங்கள் லோகோ அச்சிட்டு இலவசமாகக் கொடுத்து, வீட்டில் மடிப்புக் கலையாமல் கிடக்கும் பைகளால் யாருக்கும் பயனில்லை.

வணிகத்திலும் இதே இரண்டு பாதைகள்தான். எங்கோ மரம் நட்டுத் தன் கார்பன் உமிழ்வை ஈடுகட்டிவிட்டதாகச் சொல்லி, தன் பொருளைக் 'கார்பன் நடுநிலை' என்று விற்பது ஒன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கொண்டுவந்த சட்டம் இப்படிச் சொல்லி விற்பதைத் தடை செய்கிறது. 2026 செப்டம்பர் 27தான் அமல் தேதி. மற்றது படகோனியா என்ற அமெரிக்க உடை நிறுவனம் காட்டிய பாதை. அந்த நிறுவனம் 2011இல் தன் ஜாக்கெட் படத்தையே போட்டு "இதை வாங்காதீர்கள்" என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தது. பழைய உடைகளைத் தைத்துக் கொடுக்கும் வேலையையும் செய்கிறது. இதுவும் வியாபாரம்தான், ஆனால் தைத்த ஜாக்கெட் இன்னும் சில குளிர்காலம் தாங்கும். அதனால் எந்த நிறுவனம் பசுமை என்று சொன்னாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: உதிரிபாகம் எத்தனை வருடத்துக்குக் கிடைக்கும்?