"எட்டு சேனல் ரெக்கார்டிங்" மிக்ஸர்: பெட்டியை நம்பி ஏமாறாதீர்கள்

பேண்டு பயிற்சிக்காக, பல மைக்குகளின் ஒலியை ஒன்றாகச் சேர்க்கும் மிக்ஸர் ஒன்று வாங்கினேன். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் "8 சேனல் யூஎஸ்பி ரெக்கார்டிங்" என்று இருந்தது. கடைக்காரரும் "டிரம்ஸ், பேஸ், கிடார், வாய்ஸ் எல்லாம் தனித்தனி டிராக்கா விழும் சார்" என்றார். பயிற்சி முடிந்து பென்டிரைவைத் திறந்தால் உள்ளே ஒரே ஒரு எம்பி3 கோப்பு. அதில் குரல் காதைப் பிளக்கிறது, டிரம்ஸ் பக்கத்துத் தெருவில் கேட்கிறது. திருப்பிக் கொடுக்கப் போனபோது கிடைத்த பதில்: "எட்டும்தான் ரெக்கார்டு ஆகுது, ஒண்ணா ஆகுது."

சூட்சுமம் அந்த "ஒண்ணா"வில்தான். மலிவு மிக்ஸர்களில் பென்டிரைவ் செருகும் ஓட்டை, பாட்டு போடவும் மொத்த மிக்ஸைப் பதியவும் மட்டுமே. கணினிக்குப் போகும் சதுர யூஎஸ்பி இருந்தாலும் பெரும்பாலும் இடது, வலது என இரண்டு தடங்கள்தான் போகும். ஒவ்வொரு சேனலும் தனியாகப் போவது "மல்டிடிராக்" மாடல்களில் மட்டும். விலை பல மடங்கு. விவரத்தாளில் "2 இன் / 2 அவுட்" என்று பொடி எழுத்தில் இருந்தால் வேறு எதையும் படிக்க வேண்டாம். கடையிலேயே மேக் லேப்டாப்பில் செருகி "ஆடியோ மிடி செட்டப்" திறந்தால் எத்தனை இன்புட் என்று அதுவே சொல்லிவிடும்.

டிரம்ஸ் ஏன் கேட்கவில்லை? சின்ன அறையில் டிரம்ஸுக்கு மைக் வைப்பதில்லை, கிடாருக்கு அதன் ஆம்ப்ளிஃபயரே போதும். மிக்ஸருக்குள் போவது குரல் மட்டும். உள்ளே போகாதது கோப்பில் எப்படி வரும்?

ஏற்கெனவே வாங்கியவர்கள் தூக்கிப் போட வேண்டாம். எல்லாக் குரல்களின் பேன் குமிழையும் (ஒலியை இடமா வலமா என்று தள்ளும் குமிழ்) முழுக்க இடப்பக்கம் திருப்புங்கள். ஸ்பீக்கர் எல்லாவற்றையும் இடது அவுட்டில் மட்டும் கொடுங்கள். மீதமுள்ள ஒரு மைக்கை டிரம்ஸுக்கு ஒரு மீட்டர் மேலே கட்டி, முழுக்க வலப்பக்கம் திருப்புங்கள். அது ஸ்பீக்கருக்குப் போகாது, ஊளையிடாது. பதிவில் மட்டும் விழும். வீட்டில் இரண்டு தடத்தையும் பிரித்து அளவு சரிசெய்யலாம். சில பென்டிரைவ் ரெக்கார்டர்கள் மோனோவாகவே பதியும். முதலில் ஒரு நிமிடம் சோதியுங்கள்.

பெட்டியில் போடும் "48 வோல்ட் பேண்டம்", அதாவது கண்டென்சர் மைக் வேலை செய்ய மிக்ஸர் அனுப்பும் மின்சாரம், இன்னொரு கதை. மைக் எதையும் செருகாமல், பேண்டமை ஆன் செய்து, எக்ஸ்எல்ஆர் எனும் மூன்று பின் மைக் சாக்கெட்டின் 1, 2 பின்களுக்கிடையிலும் 1, 3 பின்களுக்கிடையிலும் மல்டிமீட்டர் வையுங்கள். 44 முதல் 52 வரை டிசி வோல்ட் காட்ட வேண்டும். குறைந்தால் கண்டென்சர் மைக் இரையலாம், சத்தம் கூடினால் ஒலி சீக்கிரம் சிதையலாம். டைனமிக் மைக்குக்கு இது தேவையே இல்லை.

உண்மையில் பயிற்சியைக் கேட்டுத் திருத்த மட்டும் என்றால் செல்போனே போதும். ஏரோப்ளேன் மோடில் போட்டு, தலை உயரத்தில், சுவரை விட்டு விலக்கி, டிரம்ஸிலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி வையுங்கள். கெயினை (மைக் ஒலியை எவ்வளவு கூட்டுவது என்ற அளவு) கையால் மாற்றவிடும் ஆப் வேண்டும். தானியங்கி கெயின் ஒவ்வொரு கிக் டிரம் அடிக்கும் குரலை அமுக்கிவிடும். ஆப்பின் மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபலில் நிற்கட்டும். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோ வேவ் கோப்பு ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 635 எம்பி பிடிக்கும்.

மிக்ஸர்தான் வேண்டும் என்றால் "தனித்தனி டிராக்" என்பதை பில்லில் எழுதி வாங்குங்கள். எழுதிக் கொடுத்தும் ஏமாற்றினால் நுகர்வோர் உதவி எண் 1915.