எதிரிகளா, ஒப்பந்தத் தம்பதியா?

சிங்கப்பூரில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் புத்தகங்களுக்கென்று ஓர் அலமாரி ஒதுக்குவதே பெரிய காரியம். அண்மையில் வீடு மாறியபோது என்னிடமிருந்த அவல நகைச்சுவைக் காதல் கதைகளை இரண்டாகப் பிரித்தேன். எலியும் பூனையுமாகத் தொடங்கிக் காதலில் முடியும் கதைகள் ஒரு பக்கம். ஏதோ ஒரு தேவைக்காகப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, பிறகு காதலிக்கத் தொடங்கும் ஒப்பந்தக் கல்யாணக் கதைகள் மறுபக்கம். முதல் வகையில் பெரும்பகுதி பிராஸ் பாசா வளாகத்தின் பழைய புத்தகக் கடைக்குப் போய்விட்டது. இரண்டாவது வகை முழுவதும் என்னோடு புது வீட்டுக்கு வந்தது.

விறுவிறுப்பில் எதிரிக் கதைகளை மிஞ்ச முடியாது. முதல் பக்கத்திலேயே பொறி பறக்கும். எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டு படித்தால் இறங்கவேண்டிய நிலையம் தவறிவிடும். ஒப்பந்தக் கதை சூடுபிடிக்க ஐம்பது பக்கமாவது ஆகும். முடிவு இரண்டிலும் முன்கூட்டியே தெரிந்ததுதான்.

எனக்கு முடிவெடுக்க உதவிய கேள்வி வேறு: கதையின் இருட்டு எங்கே இருக்கிறது? சாதாரணக் காதல் நகைச்சுவையில் இதைக் கேட்க வேண்டியதில்லை. கொலை, பழிவாங்கல், செத்துப்போனவர் எழுதிவைத்த வில்லங்கமான உயில் என்று கதை கறுக்கும்போது கேட்டே ஆகவேண்டும். எதிரிக் கதையில் அந்த இருட்டு காதலர்கள் இருவருக்கும் நடுவிலேயே இருந்தாக வேண்டும். அவன் அவளுடைய தந்தையின் தொழிலை அழித்திருப்பான். அவள் அவனைச் சிறைக்கு அனுப்பியிருப்பாள். தீங்கு சிறியதென்றால் பகை ஒட்டவில்லை. பெரியதென்றால் மன்னிப்பை நம்ப முடியவில்லை, சிரிப்பும் வரவில்லை. இரண்டுக்கும் நடுவே சரியான அளவைப் பிடிக்கிற எழுத்தாளர்கள் அபூர்வம். இரண்டாம் முறை படிக்கும்போது சிக்கல் இன்னும் வளர்கிறது. பகையின் காரணம் தெரிந்துவிட்டதால் பரபரப்பு போய்விடும்; அவன் செய்த கொடுமை மட்டும் அப்படியே நிற்கும்.

ஒப்பந்தக் கதையில் இருட்டு வாசலுக்கு வெளியே நிற்க முடியும். இப்படி ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். கடன்முதலையின், அதாவது சட்டவிரோத வட்டிக்காரனின், ஆள் வந்து மிரட்டலாகக் கதவில் சிவப்புச் சாயத்தை ஊற்றிவிட்டுப் போகிறான். உள்ளே புதுத் தம்பதிக்குள் தயிர்ச் சண்டை. குளிர்பதனப் பெட்டியின் மேல்தட்டு அவளுக்கு, கீழ்த்தட்டு அவனுக்கு என்று எழுதிக் கையெழுத்தெல்லாம் போட்டிருக்கிறார்கள். டப்பாவில் அவள் பெயர் ஒட்டியிருக்கிறது. தான் தொடவே இல்லை என்று அவன் சத்தியம் செய்கிறான். கரண்டி அவன் சட்டைப் பையில் இருக்கிறது. மறுநாள் விடியுமுன் இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் தின்னரில் துணியை நனைத்துக் கதவைத் தேய்க்கிறார்கள். பயமும் சிரிப்பும் காதலும் இங்கே ஒன்றையொன்று கெடுப்பதில்லை. திரும்பத் திரும்பப் படிக்க வைப்பது இதுதான்.

குறளின் காமத்துப்பாலும் மணத்துக்கு முந்தைய காதலான களவியலை முடித்துக்கொண்டுதான் மணவாழ்க்கையான கற்பியலுக்குள் நுழைகிறது. நூலின் கடைசி அதிகாரமான 133, ஊடலுவகை. சண்டையின் இன்பத்தை ஒன்றுசேர்ந்த வாழ்க்கைக்குள் வைத்துப் பார்க்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல.

சிங்கப்பூரில் இந்த வகைக்கு இன்னொரு பலமும் உண்டு. மணமாகாதவர் தனியாக வீவக வீடு வாங்கப் பொதுவாக 35 வயது ஆகவேண்டும். ஜோடியாக விண்ணப்பித்தால் 21 போதும். வாங்கிய வீட்டை விற்கக் குறைந்தது 5 ஆண்டுகள், வசதியான இடங்களில் அமைந்த பிளஸ், பிரைம் வகை வீடுகள் என்றால் 10 ஆண்டுகள் அதில் குடியிருக்க வேண்டும். மாதர் சாசனம் என்ற சட்டத்தின்கீழ் பதிவான திருமணத்தில், நீதிமன்றம் விதிவிலக்கு அளித்தாலன்றி, முதல் 3 ஆண்டுகளுக்கு மணவிலக்குக் கோர முடியாது. வெளிநாட்டுக் கதைகளில் வரும் ‘ஓராண்டு சேர்ந்திருப்போம், பிறகு பிரிந்துவிடுவோம்’ என்ற ஏற்பாடு இங்கே அவ்வளவு எளிதல்ல. அந்தக் கூடுதல் ஆண்டுகள் கதாசிரியருக்குக் கிடைத்த வரம். ஆனால் குடிநுழைவுச் சலுகைக்காகச் செய்யும் போலித் திருமணத்தைக் கதைக்கருவாக எடுப்பவர் கவனமாக இருக்க வேண்டும். 2012 முதல் அது தனிக் குற்றம்: 10 ஆண்டுகள் வரை சிறை, 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். அங்கே ஏமாற்றப்படுகிற மனிதர்களை வைத்துச் சிரிக்க எனக்கு மனம் வராது.

மாஃபியாத் தலைவன் கதாநாயகனாக வரும் கதைகளில் நான் படித்தது சொற்பம். அவற்றைப் பற்றி உறுதியாகப் பேச மாட்டேன். படித்தவரையில், ஒப்பந்தம் என்ற பெயரில் நடப்பது கட்டாயக் கல்யாணம். மறுக்க வழியில்லாதவளிடம் வாங்கிய கையெழுத்தை நான் ஒப்பந்தமாகக் கணக்கில் எடுப்பதில்லை. எதிரிகளே கையெழுத்துப் போட்டுக்கொள்ளும் கலவைக் கதைகளும் உண்டு. அவற்றில் சில மிக நன்றாக இருந்தன, சில இரண்டுங்கெட்டான்.

எதிரிக் கதை படிக்க ஆசை வந்தால் இப்போது நூலகத்தில் இரவல் வாங்குகிறேன். 21 நாள் தவணையில் அது தாராளமாக முடிந்துவிடும். காசு கொடுத்து வாங்குவது ஒப்பந்தக் கதையை மட்டுமே. அதுவும், யார் எதற்காகக் கையெழுத்துப் போடுகிறார்கள் என்பதைக் கடையிலேயே நின்று முதல் அத்தியாயத்தில் பார்த்துக்கொண்ட பிறகுதான்.