குதிரை லாயத்து மட்கு உரம்: வைக்கோல் மூட்டையா, மரத்தூள் மூட்டையா?

பொள்ளாச்சிப் பக்கம் குதிரையேற்றம் கற்பிக்கும் லாயம் ஒன்று, குதிரை லத்தியையும் படுக்கைக் கழிவையும் மட்கவைத்து மூட்டையாக விற்கிறது. வைக்கோல் படுக்கையில் ஆனது, மரத்தூள் படுக்கையில் ஆனது என இரண்டு வகை உண்டு. இரண்டையும் வாங்கித் தோட்டத்தில் இட்டுப் பார்த்தேன்.

முதலில் பாராட்ட வேண்டியது அவர்கள் மட்கவைக்கும் முறையை. மாட்டைப் போல் குதிரை அசைபோடாததால், களை விதைகள் பல சிதையாமலே லத்தியில் வெளிவந்துவிடும். அந்த விதைகளும் குடற்புழு முட்டைகளும் சாக வேண்டுமானால், குவியலின் உள்வெப்பம் 15 நாட்களாவது 55 டிகிரி செல்சியசுக்குக் குறையாமல் நிற்க வேண்டும். அதற்குள் ஐந்து முறையாவது புரட்டி, ஓரத்தில் ஆறிக் கிடப்பதை நடுவுக்குத் தள்ள வேண்டும். இங்கே நெஞ்சளவு உயரக் குவியலில் நீண்ட வெப்பமானியைச் செருகி, புரட்டிய தேதிகளைச் சிலேட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். தார்ப்பாயால் மூடியிருப்பதால் ஈத்தொல்லையும் குறைவு.

வைக்கோல் மூட்டை அருமை. கருத்து, பொலபொலவென்று உதிர்ந்து, மழை பெய்த மண்வாசம் வீசியது. தொட்டியில் அதைக் கலந்து விதைத்த தட்டைப்பயறு குறையின்றி முளைத்தது.

மரத்தூள் மூட்டையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. மட்குவதற்குக் கரிமச்சத்து (கார்பன்) தழைச்சத்தைப் (நைட்ரஜன்) போல் 25 முதல் 30 மடங்கு இருந்தால் போதும். மரத்தூளிலோ அது சில நூறு மடங்கு. கைப்பிடி அள்ளினால் தூள் நிறம் மாறாமல் பளிச்சென்று தெரிந்தது, நனைத்து வைத்தால் மறுபடியும் சூடேறியது. அரைகுறையாக மட்கிய இதைச் செடிக்கு இட்டால், மண்ணிலுள்ள தழைச்சத்தையும் அதுவே இழுத்துக்கொள்ள, இலைகள் வெளிறிப்போகும். கேட்டதற்கு, "நெழல்ல குமிச்சுப் போடுங்க, தானா மக்கிக்கும்ங்க" என்றார்கள். அதற்கு மட்கு உரத்தின் விலை எதற்கு? தென்னை நார்க்கழிவு மலைபோல் கிடக்கும் ஊரில் மரத்தூளை ஏன் விரிக்கிறார்கள் என்பதும் விளங்கவில்லை. அதுவும் மெதுவாகவே மட்கும் என்றாலும், சிறுநீரை நன்றாக உறிஞ்சும்.

மூட்டையில் எச்சரிக்கை வாசகம் எதுவும் இல்லாதது பெருங்குறை. ரண ஜன்னி (டெட்டனஸ்) கிருமியின் வித்துகள் குதிரை லத்தியில் இருக்கக்கூடியவை; குவியலின் சூட்டுக்கு அவை சாவதில்லை. கையுறையின்றி அள்ள வேண்டாம். காலில் வெட்டுக்காயம் உள்ளவர்கள் தடுப்பூசி போட்டிருக்கிறோமா என்று பார்த்துக்கொள்வது நல்லது. மண்புழுத் தொட்டிக்கு வாங்குவோர், குதிரைகளுக்குக் குடற்புழு மருந்து கொடுத்த தேதியையும் கேட்க வேண்டும்; லத்தியில் தங்கும் மருந்து மண்புழுவையும் பாதிக்கலாம். நான் கேட்டபோது நோட்டைப் புரட்டிப் பார்த்துத்தான் சொன்னார்கள்.